ஊர்ப்பெயரும் தொழில்பெயரும் சேர்ந்த டொமைன்களில் முதலீடு செய்யலாமா?

கேள்வி: நகரத்தின் பெயரோடு பிளம்பர், டென்டிஸ்ட், வக்கீல் என்று ஒரு தொழிலின் பெயரைச் சேர்த்து டொமைன்களை (இணையதள முகவரிப் பெயர்களை) மொத்தமாகப் பதிவு செய்து வைத்தால், பிறகு நல்ல விலைக்கு விற்க முடியுமா?

விற்க முடியும். நானும் இந்த வகைப் பெயர்களை வாங்கி விற்கிறவன்தான். ஆனால் கேள்வியில் "மொத்தமாகப் பதிவு செய்து வைத்தால்" என்று இருக்கிறதே, அதை மட்டும் செய்யாதீர்கள். மனை வாங்கிப் போடுவது போல நினைத்துத்தான் பலரும் இதில் இறங்குகிறார்கள். மனைக்கு வருடா வருடம் முழு விலையையும் திரும்பக் கட்ட வேண்டியதில்லை. டொமைனுக்குக் கட்ட வேண்டும். மனையை எந்த ஊர்க்காரரும் வந்து வாங்கலாம். இந்தப் பெயரை வாங்கக்கூடியவர்கள் அந்த ஊரில் அந்தத் தொழிலைச் செய்கிறவர்கள் மட்டுமே. அதனால் பெயரைத் தேடுவதற்கு முன்னால் அதை வாங்கப் போகிறவரைத் தேடுங்கள். கீழே நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றை ஒட்டித்தான்.

முதலில் கணக்கு. டாட்காம் பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனம், பெயர்களை நமக்குப் பதிந்து கொடுக்கும் ரெஜிஸ்ட்ரார் நிறுவனங்களிடம் ஒரு பெயருக்கு வாங்கும் மொத்த விற்பனை விலை 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 10.26 டாலர் ஆனது. ரெஜிஸ்ட்ரார் தன் பங்கையும் சேர்த்துத்தான் நமக்கு விற்பார். ஒரு பெயருக்குச் சிக்கனமாக 11 டாலர் என்று வைத்தாலும், 100 பெயருக்கு ஆண்டுக்கு 1,100 டாலர். கையிலிருக்கும் நூறு பெயரில் ஓராண்டில் ஒன்றோ இரண்டோ விற்றால் அது சாதாரண நிலை என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு. விற்றுக் கொடுக்கும் தளத்தின் கமிஷன் போக ஒரு பெயருக்கு 500 டாலர் கைக்கு வந்து, இரண்டு பெயர் விற்றால் வரவு 1,000. அதாவது நஷ்டம். அதே இரண்டும் 1,500 வீதம் போனால் நிலைமை வேறு. ஆகவே 1,500 டாலர் கொடுக்கக்கூடியவர் யார், அவர் ஏன் கொடுப்பார் என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு பெயரைக்கூடக் கூடையில் போடக் கூடாது.

அவர் ஏன் கொடுப்பார்? ஒரே ஒரு புது வாடிக்கையாளர் வந்தால் அவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் விஷயம். பல் இம்பிளான்ட் வைக்கும் மருத்துவர், விபத்து இழப்பீட்டு வழக்கு எடுக்கும் வக்கீல், கூரை மாற்றிக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர், வெள்ளம் புகுந்த வீட்டைச் சரிசெய்கிறவர் ஆகியோருக்கு ஒரு வேலை கிடைத்தாலே டொமைன் விலையைப் போலப் பல மடங்கு திரும்பி வந்துவிடும். புகைப்படக்காரர், பியானோ ஆசிரியர், வீட்டுப்பாட டியூஷன் எடுப்பவர் போன்றவர்களின் நிலை அப்படியல்ல. அவர்கள் செய்யும் வேலை மதிப்பில் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. டொமைனுக்குப் பெரிய தொகை ஒதுக்க அவர்களின் வரவு இடம் கொடுக்காது, அவ்வளவுதான். பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் நடுவில் இருக்கிறார்கள். பெரிய ஊர் என்றால் பரவாயில்லை.

அடுத்து, அப்படிப்பட்டவர்கள் அந்த ஊரில் எத்தனை பேர்? மேப்பில் தேடி எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையைவிட முக்கியமான இன்னொரு சோதனை உண்டு: அந்த ஊர்ப்பெயரையும் தொழில்பெயரையும் தேடுபொறியில் போடும்போது மேலே எத்தனை பேர் காசு கொடுத்து விளம்பரம் செய்கிறார்கள்? ஒவ்வொரு கிளிக்குக்கும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறவருக்கு இணையத்தில் வரும் வாடிக்கையாளரின் மதிப்பை நாம் விளக்கவே வேண்டாம். விளம்பரமே இல்லாத ஊர், தொழில் என்றால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். சட்டத்தையும் பார்க்க வேண்டும். வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்று விதி வைத்திருக்கும் நாடுகள் உண்டு, இந்தியா அவற்றில் ஒன்று. அப்படிப்பட்ட இடத்தில் "ஊர் வக்கீல்" என்ற பெயரை வாங்க வக்கீலே தயங்குவார்.

இப்போது எல்லோரும் முதலில் கேட்கும் விஷயத்துக்கு வருகிறேன்: "பெயரிலேயே ஊரும் தொழிலும் இருந்தால் கூகிளில் தானாக மேலே வருமே?" ஒரு காலத்தில் ஓரளவு வந்தது. தேடும் சொல்லும் டொமைனும் அப்படியே ஒத்துப்போனால் தரமில்லாத தளம்கூட மேலே நின்றது. 2012 செப்டம்பர் இறுதியில் கூகிள் அதற்கென்றே ஒரு மாற்றம் கொண்டுவந்தது. அமெரிக்க ஆங்கிலத் தேடல்களில் 0.6 சதவீதம் கண்ணுக்குத் தெரியும் அளவில் மாறும் என்று அப்போது அந்த நிறுவனத்தில் இருந்த மேட் கட்ஸ் அறிவித்தார். எண் சிறியதாகத் தெரியலாம். ஆனால் அடி விழுந்தது குறிப்பாக இந்த வகைப் பெயர்களில்தான். உள்ளூர்த் தேடலில் மேப்போடு வரும் முடிவுகளுக்குக் கூகிள் வெளிப்படையாகச் சொல்லும் அளவுகோல்கள் மூன்று: தேடியதோடு எவ்வளவு பொருந்துகிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு அறியப்பட்டது. டொமைன் பெயர் என்று நான்காவதாக ஒன்று இல்லை. எனவே "இதை வாங்கினால் முதல் பக்கம் நிச்சயம்" என்று யாரிடமும் சொல்லி விற்காதீர்கள். அது உண்மையல்ல, நம்பி வாங்குகிறவர் கஷ்டப்பட்டுச் சம்பாதித்த பணம் அது.

அப்படியானால் பெயருக்கு என்ன மதிப்பு மிச்சம்? நிறையவே இருக்கிறது. வேனின் பக்கவாட்டில் எழுதியிருப்பதை ஓடும்போதே படித்து நினைவில் வைத்துக்கொள்ளலாம். போனில் ஒருமுறை சொன்னால் எழுத்துக்கூட்டாமல் எதிராளிக்குப் புரியும். தேடல் முடிவில் பத்துப் பெயர்களுக்கு நடுவே, தான் தேடிய ஊரும் தொழிலும் அப்படியே இருக்கிற முகவரியில் கண் நிற்கும். போட்டியாளர் கையில் அது போகாமல் இருப்பதும் சிலருக்குப் பெரிய ஆறுதல். நான் விற்கும்போது சொல்வது இவற்றைத்தான், இவை மட்டும்தான்.

இன்னொரு கனவும் அடிக்கடி வருகிறது: ஒரே வியாபாரிக்கு இருபது ஊர்ப் பெயர்களில் இருபது டொமைன் விற்று, எல்லாவற்றையும் அவருடைய ஒரே பக்கத்துக்குத் திருப்பிவிடுவது. கூகிளின் ஸ்பேம் கொள்கையில் "டோர்வே" என்ற தலைப்பின் கீழ் இந்த வழியே உதாரணமாகச் சொல்லப்பட்டிருக்கிறது: குறிப்பிட்ட பகுதிகளையோ நகரங்களையோ குறிவைத்துப் பல டொமைன்களை வைத்து, வருகிறவர்களை ஒரே பக்கத்துக்குத் தள்ளுவது. வாங்குகிறவரின் முக்கியத் தளத்துக்கே அது ஆபத்து.

பெயரைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள நுணுக்கங்களைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பர்மிங்காம் இங்கிலாந்திலும் இருக்கிறது, அலபாமாவிலும் இருக்கிறது. போர்ட்லேண்ட் ஒரேகனிலும் உண்டு, மெய்னிலும் உண்டு. இரண்டு சந்தை கிடைத்ததாகத் தோன்றும். ஆனால் வாங்குகிறவருக்குப் பாதிப் பேர் தவறான ஊரிலிருந்து வருவார்கள் என்ற கவலை இருக்கும். அலபாமாவில் மொபைல் என்றே ஒரு நகரம் இருக்கிறது. அதோடு மெக்கானிக் என்று சேர்த்தால் உலகம் முழுக்க அது "வீடு தேடி வரும் மெக்கானிக்" என்றுதான் படிக்கப்படும். இங்கிலாந்தின் பாத் நகரத்தோடு பிளம்பரைச் சேர்த்தால் குளியலறை வேலைக்காரர் என்றாகிவிடும். தொழில் சொல்லும் நாட்டுக்கு நாடு மாறும்: அமெரிக்காவில் அட்டர்னி என்று தேடுகிறவர்களுக்கு இணையானவர்கள் இங்கிலாந்தில் சொலிசிட்டர் என்று தேடுவார்கள். அங்கே பிரிட்டிஷ் ஊருக்கு அட்டர்னி சேர்த்துப் பதிவு செய்தால் அது யாருக்கும் பயன்படாத பெயர்.

புள்ளிக்குப் பின்னால் என்ன வருகிறது என்பதும் அப்படியே. அந்த நாட்டுக்காரர்கள் தங்கள் நாட்டு முடிவைத்தான் நம்புகிறார்கள் என்றால் அதைத்தான் வாங்க வேண்டும். ஆனால் கனடாவின் டாட்சிஏ, ஆஸ்திரேலியாவின் டாட்ஏயு போன்றவற்றைப் பதிவு செய்ய அந்த நாட்டோடு தொடர்பு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. டாட்பிளம்பிங், டாட்டென்டிஸ்ட், டாட்லாயர், டாட்லண்டன் என்று பின்னால் வந்த புது முடிவுகளில் பெயர் அழகாக அமையும். எனக்கும் சில பிடிக்கும். ஆனால் அவற்றின் விலைக்கு டாட்காம் போல ஒப்பந்த உச்சவரம்பு கிடையாது. முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுப் புதுப்பிப்புக் கட்டணத்தை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். பல ஆண்டுகள் பிடித்து வைத்துக் காத்திருக்கும் முதலீட்டுக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து.

சட்டப் பக்கம் வருவோம், ஏனென்றால் இங்கே ஒரே பெயர் முழு லாபத்தையும் விழுங்கிவிடலாம். ஊர்ப்பெயரோடு ரியல்டர் (வீடு, மனை விற்றுத் தரும் முகவர்) என்று சேர்த்த பெயர் மிகக் கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் அமெரிக்காவில் அந்தச் சொல் நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ரியல்டர்ஸ் அமைப்பின் பதிவு செய்யப்பட்ட வணிகச் சின்னம். உறுப்பினர்கள்கூட அதை ஊர்ப்பெயர் போன்ற விவரணைச் சொல்லோடு ஒட்டிப் பயன்படுத்தக் கூடாது என்பது அவர்கள் விதி. வாங்க வேண்டியவர்களே வாங்க முடியாத பெயர்! அதற்குப் பதில் ரியல் எஸ்டேட் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே பெயரில் ஏற்கெனவே ஒரு நிறுவனம் நடக்கிறதா என்றும் பாருங்கள். உலக அளவில் டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பு 1999-இல் கொண்டுவந்த, யுடிஆர்பி எனப்படும் டொமைன் தகராறு விதிப்படி, புகார் கொடுப்பவர் மூன்றை நிரூபிக்க வேண்டும்: தன் வணிகச் சின்னத்தோடு பெயர் குழப்பும்படி ஒத்திருக்கிறது, வைத்திருப்பவருக்கு நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்துகிறார். ஊரும் தொழிலும் மட்டும் உள்ள பொதுப்பெயரில் முதல் படியிலேயே புகார் தடுமாறும். ஆனால் அந்தப் பெயரிலேயே புகழ்பெற்ற ஒரு கிளினிக் இருந்து, அவர்களுக்கே நீங்கள் "வாங்கிக்கொள்கிறீர்களா" என்று எழுதினால், அந்தக் கடிதமே மூன்றாவதற்குச் சாட்சியாகலாம். பொதுச்சொல்லோடு டாட்காம் சேர்ந்த பெயரும், மக்கள் அதை ஒரு பிராண்டாக அறிந்திருந்தால் வணிகச் சின்னமாகலாம் என்று 2020-இல் புக்கிங்.காம் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தனி ஊர்ப்பெயர், நாட்டுப்பெயர் மீது ஆசை வந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். பார்சிலோனா.காம் பெயரை நகராட்சிக்குக் கொடுக்கச் சொல்லி 2000-இல் உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவின் நடுவர் தீர்ப்பு வந்தது. 2003-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் வைத்திருந்தவர் பக்கம் நின்றது. நியூசிலாந்து.காம் மீது அரசு கொடுத்த புகார் தோற்றது, பிறகு அரசு அதை 5 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. ஆனால் 1994-இல் தனியார் பதிந்த பிரான்ஸ்.காம், பிரெஞ்சு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2018-இல் பிரான்ஸ் அரசின் கைக்குப் போனது. நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் நிலைமை மாறுகிறது. தொழில்பெயரை ஒட்டிய பெயரில் இந்தத் தலைவலி மிகக் குறைவு, இந்த வகையை நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

விற்பனையைப் பொறுத்தவரை, பெயரைச் சந்தைத் தளத்தில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் இந்த வகை நகராது. டென்டிஸ்ட் யாரும் டொமைன் சந்தையை மேய்ந்துகொண்டிருக்க மாட்டார். நாமே போய்ச் சொல்ல வேண்டும், அதுவும் ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பாமல், அவர் தளத்தைப் படித்துவிட்டு ஒருவருக்கு ஒன்று. அமெரிக்காவில் கேன்ஸ்பாம் சட்டம், கனடாவில் காஸல், ஐரோப்பாவில் ஜிடிபிஆர் என்று அறிமுகமில்லாதவருக்கு மெயில் அனுப்பக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. கனடாவில் மிகக் கடுமை. போனில் பேசுவதை நான் மெயிலைவிட மேலாக நினைக்கிறேன். விலையை மறைக்காமல் முதலிலேயே சொல்லுங்கள். தவணைக்கு ஒத்துக்கொண்டால் சிறு வியாபாரிகள் எளிதாக வருகிறார்கள். பணமும் பெயரும் எஸ்க்ரோ வழியாகவே, அதாவது பெயர் கை மாறும்வரை பணத்தை நடுவில் பிடித்து வைக்கும் சேவை வழியாகவே, கை மாறட்டும்.

விற்காமல் தளம் கட்டி, வரும் அழைப்புகளை உள்ளூர்க்காரருக்கு மாத வாடகைக்குக் கொடுப்பது இன்னொரு வழி. உழைப்பு அதிகம், வருமானமும் நிலையானது. பெயர் சும்மா கிடக்காது என்பதால் எனக்கு இதில்தான் ஈடுபாடு அதிகம். ஆனால் இல்லாத கடைக்கு மேப்பில் போலி முகவரி போடுவது, யார் வருவார் என்று சொல்லாமல் ஆளை அனுப்புவது, இரண்டும் வேண்டாம். நள்ளிரவில் குழாய் உடைந்து தண்ணீர் ஓடும் வீட்டுக்காரர் தேடி வரும் தளம் அது. வருகிற பிளம்பரின் உண்மைப் பெயரும் உரிம எண்ணும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

காலாவதியான பெயரை எடுப்பதாக இருந்தால், டாட்காமில் பழைய உரிமையாளர் திரும்ப எடுத்துக்கொள்வதற்கான மீட்புக் காலம் 30 நாள், அதன்பின் 5 நாளில் அழியும். எடுக்கும் முன் பழைய தளம் என்னவாக இருந்தது என்று இணைய ஆவணக் காப்பகத்தில் பாருங்கள். பழைய பெயரின் மதிப்பைச் சுரண்டுவதை 2024 மார்ச் முதல் கூகிள் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது.

தொடங்குவதாக இருந்தால் ஐந்தாறு பெயர் போதும். ஒவ்வொன்றையும் பதியும் முன்பே அதை வாங்கக்கூடிய பத்து பேரின் பட்டியல் எழுதியிருக்க வேண்டும். பட்டியல் நிரம்பவில்லையென்றால் பதிய வேண்டாம். புதுப்பிப்புத் தேதி வருவதற்குள் அந்தப் பத்து பேரிடமும் பேசி முடித்து, ஒருவரும் ஆர்வம்கூடக் காட்டவில்லை என்றால் அந்தப் பெயரைக் கைவிட்டுவிட்டு, அந்த 11 டாலரை அடுத்த ஊருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.