வயர்லெஸ் சார்ஜிங் பேட்டரியின் ஆயுளைக் குறைக்குமா?

தினமும் வயர்லெஸ் சார்ஜரில் வைத்தால் கைபேசியின் பேட்டரி விரைவில் தேய்ந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மின்சாரம் எந்த வழியில் வந்தாலும் லித்தியம் அயான் பேட்டரிக்கு ஒன்றுதான். அதைப் பாதிப்பது உடன் வரும் வெப்பம்.

சார்ஜர் தட்டிலுள்ள செம்புச் சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது உருவாகும் காந்தப்புலம், கைபேசியின் பின்புறச் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. இதில் ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாகிறது. கம்பிவழி சார்ஜிங்கைவிட இந்த இழப்பு பொதுவாக அதிகம். சுருள் பேட்டரியை ஒட்டியே இருப்பதால் சூடு எளிதில் அதற்குள் இறங்குகிறது. சூடு கூடக்கூட, பேட்டரிக்குள் உள்ள கிராஃபைட் மின்முனையின் மேல் படியும் படலம் வேகமாகத் தடித்து, பயன்படவேண்டிய லித்தியத்தைத் தன்னுள் பிடித்துவைத்துக்கொள்வதால், கொள்ளளவு நிரந்தரமாகக் குறைகிறது.

சுருள்கள் நேருக்கு நேர் அமையாமல் சற்றே விலகினாலும் இழப்பு ஏறும். 2023-இல் வந்த கியூஐ 2 (Qi2) என்ற வயர்லெஸ் சார்ஜிங் தரநிலை, சுருள்களை நேராகப் பிடித்துவைக்கும் காந்தங்களைச் சேர்த்துக்கொண்டது இதனால்தான். சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பேட்டரி நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரிக்கிறது. எனவே, வெயில் விழும் கார் முகப்பில் தடித்த உறையோடு சார்ஜ் செய்வதைத்தான் நான் உண்மையில் அஞ்சுவேன்.

அரைமணி நேரம் கழித்துக் கைபேசியின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் கவலை வேண்டாம். கை சுடுமளவு இருந்தால் உறையைக் கழற்றி, நடுவில் சரியாக வைத்து, வசதி இருந்தால் 80 சதவீதத்தில் சார்ஜ் ஏறுவதை நிறுத்தும் வரம்பையும் இயக்கிவிடுங்கள்.