திகில் ரோல்பிளேயும் மனசாட்சி உறுத்தும் கேரக்டர்களும்: கேள்வி-பதில்

ரோல்பிளே என்பது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம். அதை நடத்தும் கேம் மாஸ்டருக்கானவை இந்தப் பதில்கள்.

கேள்வி: "முழு நல்லவனும் இல்லை, முழுக் கெட்டவனும் இல்லை" என்று சொல்லித்தான் எல்லாரும் கேரக்டர் உருவாக்குகிறார்கள். ஆட்டம் தொடங்கி அரை மணி நேரத்தில் அத்தனை பேரும் ஈவிரக்கமில்லாத கொலைகாரர்கள் ஆகிவிடுகிறார்கள். எங்கே கோளாறு?

கேரக்டர் தாளில். "இருண்ட கடந்த காலம்" என்று எழுதிவைத்தால் ஆட்டத்தில் நீங்கள் பிடித்து இழுக்க எதுவும் இருக்காது. இழக்க ஒன்றுமில்லாதவனுக்குக் கொல்வதுதான் எளிய வழி.

செஷன் ஸீரோவில், அதாவது ஆட்டம் தொடங்கும் முன் கூடிப் பேசும் அமர்வில், ஒவ்வொருவரிடமும் மூன்று வரி எழுதி வாங்குங்கள். என்ன ஆனாலும் இந்தக் கேரக்டர் செய்யாத ஒரு காரியம். இவரை நம்பி வாழும் ஒருவர், பெயரோடு. அந்த ஒருவருக்குத் தெரியவே கூடாத, ஏற்கெனவே செய்துவிட்ட ஒரு தவறு. மூன்றாவது வரி பொதுவாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். "ஒருவரைக் கொன்றிருக்கிறேன்" போதாது. "தங்கையின் ஆபரேஷன் பணத்தைச் சூதாட்டத்தில் விட்டேன், அண்ணன்தான் திருடினான் என்று அவள் நம்புகிறாள்" என்றால் மூன்று மனிதர்களும் வெளிவரக் காத்திருக்கும் ஒரு பொய்யும் உங்கள் கையில் இருக்கின்றன.

இரண்டாவது வரியில் இறந்துபோனவர்களை ஏற்காதீர்கள். அந்த ஆளை முதல் அரை மணி நேரத்துக்குள் ஏதாவது சாதாரணக் காரியத்துக்காகக் காட்சியில் கொண்டுவாருங்கள். கடத்தப்படும்போது மட்டும் தலைகாட்டினால், பாசம் வைத்தால் ஆபத்து என்று ஆட்டக்காரர்கள் கற்றுக்கொள்வார்கள். அடுத்த ஆட்டத்தில் எல்லாரும் அனாதையாகத்தான் வருவார்கள்.

கேள்வி: தர்மசங்கடமான கட்டம் வைத்தால், ஒன்று மூன்றாவது வழி கண்டுபிடித்துத் தப்பிவிடுகிறார்கள், இல்லையென்றால் ஒரு மணி நேரம் விவாதிக்கிறார்கள்.

இவை வெவ்வேறு சிக்கல்கள். மூன்றாவது வழி கிடைப்பதில் தப்பே இல்லை. அதை அடைத்தால், எதைச் செய்தாலும் கேம் மாஸ்டர் நினைத்ததுதான் நடக்கும் என்று யோசிப்பதையே விட்டுவிடுவார்கள். அந்த வழிக்கும் ஒரு விலை வையுங்கள், அவ்வளவுதான்.

விவாதம் நீள்வது பெரும்பாலும் தகவல் போதாததால். என்ன நடக்கும் என்று தெரியாதபோது யாரும் முடிவெடுக்க மாட்டார்கள், ஊகித்துக்கொண்டே இருப்பார்கள். ஆகவே விலையை முன்கூட்டியே வெளிப்படையாகக் காட்டுங்கள். பூதம் என்ன, ஏன் வந்தது என்பது மர்மமாக இருக்கட்டும்.

ஒரு உதாரணம். கல்குவாரிக்கு அடியில் ஏதோ இருக்கிறது. இரவுதோறும் அதனிடம் ஒரு பெயரைச் சொன்னால் அது மேலே வராது. பெயர் சொல்லப்பட்டவர் சாக மாட்டார், அவர் குரல் போய்விடும். முதல் இரவு ஊர்க்காரர் ஒருவர் தன் பெயரையே சொல்வதை ஆட்டக்காரர்கள் பார்க்கட்டும். மறுநாள் காலை அவர் மகளைக் கூப்பிட வாய் திறந்து, சத்தம் வராமல் கதவைத் தட்டுவதைக் காட்டுங்கள். விதி புரிந்துவிடும். இரண்டாம் இரவு முன்வர ஆள் இல்லை. மேஜையில் மூன்று நிமிட மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வையுங்கள். மணல் தீர்ந்ததும் ஒரே கேள்வி: "யார் சொல்கிறீர்கள், யார் பெயரை?" சொல்பவரைத் தனியே கேட்பதை மறக்காதீர்கள். "நாங்கள் சொல்கிறோம்" என்று குழுவாக முடித்துவிட்டால் குற்ற உணர்ச்சி ஒருவரிடமும் ஒட்டாது. குரல் இழந்தவர் அதே செஷனிலேயே அவர்கள் எதிரில் வர வேண்டும்.

கேள்வி: இதற்கு எந்த சிஸ்டம் (விதித்தொகுப்பு) நல்லது?

1981-இல் வந்த 'கால் ஆஃப் கதுல்ஹு' பயத்தைப் புத்தி பேதலிப்பாகக் கணக்கிடுகிறது. ஒரே முறையில் 5 அல்லது அதற்கு மேல் சானிட்டி (புத்தித் தெளிவு) புள்ளி போனால் அறிவுத்திறனுக்குப் பகடை உருட்ட வேண்டும். வெற்றி பெற்றால்தான் தற்காலிகப் பைத்தியம், ஏனென்றால் கண்டது என்ன என்று முழுசாகப் புரிந்துவிட்டது. அருமையான விதி. ஆனால் அது மனசாட்சியைத் தொடுவதில்லை.

உங்கள் தேவைக்கு 'டெல்டா கிரீன்' பொருந்தும். அதில் ஒவ்வொரு கேரக்டருக்கும் 'பாண்ட்' எனப்படும் உறவுகள் உண்டு, எண்ணோடு. சானிட்டி இழக்கும்போது நாலு பக்கப் பகடையை உருட்டி, அத்தனை மனவலிமைப் புள்ளி செலவழித்து இழப்பைக் குறைக்கலாம். அதே அளவு ஓர் உறவிலிருந்தும் கழியும். பலர் இங்கே கழித்தலோடு நிறுத்திவிடுகிறார்கள். எண் குறைந்தால் காட்சியும் வேண்டும். ஆளுக்கு ஐந்து நிமிடம் வீட்டுக் காட்சி நடத்துங்கள், மனைவி கேட்பதற்குப் பொய் சொல்ல வையுங்கள்.

'வாம்பயர்: தி மாஸ்கரேட்' ஐந்தாம் பதிப்பில் குழு முன்பே வகுத்த கொள்கையை மீறினால் கேரக்டருக்குக் 'கறை' என்ற புள்ளி சேரும். செஷன் முடிவில் வருத்தம் உண்டா என்று பகடை சொல்லும், இல்லையென்றால் மனிதத்தன்மை ஒரு புள்ளி இறங்கும். நீண்ட தொடராக ஆட இது ஏற்றது.

கேள்வி: பயம் ஏறும் நேரத்தில் யாராவது ஜோக் அடித்துக் கெடுத்துவிடுகிறார்கள்.

இறுக்கம் கூடினால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஒரு சிரிப்பை விடுங்கள், பிறகு குரலைத் தாழ்த்தி ஒரே ஒருவரிடம் கேளுங்கள்: "உங்கள் கை கைப்பிடியில் இருக்கிறது. திறக்கிறீர்களா?" அடிக்கடி நடந்தால் காரணம் காத்திருப்பு. நீங்கள் விதிப்புத்தகம் புரட்டும் நேரத்தில்தான் ஜோக் பிறக்கிறது. தேவையான விதிகளை ஒரே அட்டையில் எழுதி வையுங்கள். மூன்று, நான்கு பேர் போதும். ஆறு பேர் இருந்தால் பயம் நிற்காது.

கேள்வி: ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கும் ரகசியங்களைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், முன்கூட்டியே எல்லாரும் சம்மதித்தால். கேரக்டர்களுக்குத் தெரியாத ரகசியம் ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்திருந்தாலும் கெடாது. துரோகம் வரப்போகிறது என்று தெரிந்தே பார்ப்பது சில சமயம் தெரியாமல் மாட்டுவதைவிடக் கொடுமை. மறைத்தே ஆக வேண்டுமென்றால் எல்லாருக்கும் துண்டுச்சீட்டு கொடுங்கள், விஷயமில்லாதவருக்கும். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் அந்தக் கணமே அவர் மாட்டிக்கொள்வார்.

கேள்வி: போன ஆட்டத்தில் குழந்தை ஒன்றுக்கு ஆபத்து வந்தபோது ஓர் ஆட்டக்காரர் பேச்சே வராமல் உட்கார்ந்துவிட்டார். என்ன செய்திருக்க வேண்டும்?

உடனே நிறுத்தியிருக்க வேண்டும். "ஐந்து நிமிடம் இடைவேளை" என்று எல்லாருக்கும் சொல்லுங்கள், அவர் பெயரை எடுக்காதீர்கள். தனியே "தொடரலாமா, மாற்றலாமா, நிறுத்தலாமா?" என்று மட்டும் கேளுங்கள். காரணம் கேட்காதீர்கள். மாற்றச் சொன்னால் அந்தக் காட்சி நடக்கவே இல்லை என்று அறிவித்துவிட்டு, அதற்கு முந்தைய இடத்திலிருந்து தொடங்குங்கள்.

இனி தொடங்கும் முன் இரண்டு பட்டியல் எடுங்கள்: ஆட்டத்தில் வரவே கூடாதவை, வரலாம் ஆனால் திரைக்குப் பின்னால் நடக்க வேண்டியவை. எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், வாயால் சொல்லச் சிலர் கூச்சப்படுவார்கள். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டையும் மேஜை நடுவில் வையுங்கள். தொட்டால் அந்த விஷயம் போய்விடும், விளக்கம் தேவையில்லை. முதல் அரை மணி நேரத்தில் ஏதாவது சின்ன விஷயத்துக்கு நீங்களே அதைத் தொட்டுக் காட்டினால், மற்றவர்களுக்கும் தயக்கம் விடும்.