திருகோணமலையிலிருந்து ஒரு வலுப்பயிற்சி ஆய்வு – கடிதம்

வணக்கம்.

திருகோணமலையில் ஓர் அரச வைத்தியசாலையின் பிசியோதெரபி பிரிவில் வேலை செய்கிறேன். பட்டம் முடித்து மூன்று வருடம். நீரிழிவு கிளினிக்கிலிருந்து எங்களிடம் வரும் அம்மாமாரில் பெரும்பாலானோர் அறுபதைத் தாண்டியவர்கள். முழங்கால் நோ, தள்ளாட்டம், யாராவது கைகொடுத்தால்தான் கதிரையிலிருந்து எழும்புவார்கள். எல்லோருக்கும் ஒரே அறிவுரைதான்: "நடங்கோ." எழும்பவே வலுவில்லாத ஆளிடம் நடக்கச் சொல்லி என்ன பயன் என்று மனம் கேட்கிறது.

வலுப்பயிற்சியை ஆய்வாக எடுத்து, அதையே என் துறையாக்கிக்கொள்ள விரும்புகிறேன். ஆனால் மூத்தவர் ஒருவர், "பிரஷர் உள்ள வயதான ஆக்களுக்குப் பாரம் தூக்கக் குடுக்காதேங்கோ, பக்கவாதம் வரும்" என்கிறார். எங்களிடம் மெஷின்களும் இல்லை. கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகாமல் தொடங்க ஏலுமா? எதிலிருந்து தொடங்குவது?

ச., திருகோணமலை

அன்புள்ள ச.,

தொடங்கலாம். கேள்வியைச் சரியாக எடுத்துக்கொண்டால் திருகோணமலை நல்ல இடமும்கூட. வயதானவர்களுக்கு வலுப்பயிற்சி பலன் தருமா என்பது முடிந்துபோன கேள்வி. 1990இல் பொஸ்ரனில் மரியா ஃபியாட்டரோன் குழுவினர், பராமரிப்பு இல்லத்தில் இருந்த தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் பாரப் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. 1994இல் அதே குழு 100 பேரோடு, எழுமாற்றாகப் பிரித்து, பத்து வாரம் செய்தது. வலு 113 சதவீதம் கூடியது. படியேறும் ஆற்றல் 28 சதவீதம் கூடியது. பயிற்சியில்லாமல் சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இத்தனை வருடங்களுக்குப் பிறகும் உங்கள் கிளினிக்கில் "நடங்கோ" மட்டும்தான் சொல்லப்படுகிறது. ஆகவே உங்கள் கேள்வி வேறு: மெஷின் இல்லாத ஒரு கிளினிக்கில், எவ்வளவு பயிற்சி கொடுத்தால் போதும், அதை எத்தனை பேர் பன்னிரண்டு வாரம் விடாமல் செய்வார்கள்? இதற்குப் பொஸ்ரனில் பதில் இல்லை.

மூத்தவரின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். அதற்கு ஆதாரம் உண்டு. 1985இல் கனடாவில் மக்டூகல் குழுவினர் அனுபவமுள்ள ஐந்து உடற்கட்டு வீரர்களின் நாடிக்குள்ளேயே குழாய் செலுத்தி, இரு காலாலும் பாரம் தள்ளும்போது இரத்த அழுத்தத்தை அளந்தார்கள். சராசரி 320/250. ஒருவருக்கு 480/350ஐத் தாண்டியது. ஆனால் அது உச்ச பாரத்தின் (ஒரே ஒரு தடவை மட்டும் தூக்க ஏலும் பாரம்) 95 சதவீதத்தை, இனி ஏலாது என்னும்வரை தள்ளியபோது வந்தது. அந்த நிலையில் மூச்சு தானாகவே அடங்கிவிடும். அழுத்தத்தை இன்னும் ஏற்றிவிடுவது அதுதான். நீங்கள் கொடுக்கப்போவது உச்சத்தின் 50 முதல் 70 சதவீதம், 8 முதல் 12 தடவை, இன்னும் இரண்டு மூன்று தடவை மிச்சம் இருக்கும்போதே நிறுத்தம். எழும்பும்போது சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். வாய்விட்டு எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது.

பயிற்சிக்கு முன் ஐந்து நிமிடம் இருத்தி அழுத்தம் பாருங்கள். 180/110ஐத் தாண்டினால் அன்று பயிற்சி இல்லை. 160/100ஐத் தாண்டினால் வைத்தியர் பார்த்த பிறகுதான். நீரிழிவுக்காரரிடம் எனக்குப் பிரஷரைவிடக் கவலை தருவது கண். விழித்திரையில் புதுக் குழாய்கள் வளர்ந்திருப்பவருக்குப் பெரும் பாரம் கூடாது. கண் கிளினிக் அறிக்கை இல்லாமல் யாரையும் ஆய்வில் சேர்க்காதீர்கள். உள்ளங்காலையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

இன்சுலின், கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் எடுப்பவர்களுக்குச் சீனி இறங்கும். பயிற்சிக்கு முன் 90க்குக் கீழே இருந்தால் 15 முதல் 30 கிராம் மாச்சத்தோ சீனியோ கொடுத்து, ஏறியதைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். 15 கிராம் சீனிப் பொட்டலங்களைத் தராசில் நிறுத்துக் கட்டி மேசையில் வைத்திருங்கள். இன்னொன்று, பலர் கோட்டைவிடும் இடம் இது: கிளினிக் நாளில் இரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு வருவார்கள். "வந்ததோடு வந்தது" என்று அன்றே பயிற்சி கொடுத்தால் மயங்கி விழுவது உங்கள் ஆய்வில்தான் நடக்கும். பயிற்சி நாள் வேறு, கிளினிக் நாள் வேறு.

இனி பாரம். ஐந்து லீற்றர் கானில் தண்ணீர் நிறைத்தால் 5 கிலோ, காய்ந்த மணல் நிறைத்தால் ஏறக்குறைய 8 கிலோ. அதை முதுகுப்பைக்குள் வைத்து, முன்பக்கமாக மாட்டிக்கொண்டு கதிரையிலிருந்து எழும்பி இருக்கலாம். கணுக்காலில் கட்டும் பைக்கு உப்புவெளிக் கரையில் அள்ளிய மணலை அப்படியே துணியில் தைத்துவிடாதீர்கள். ஈரம் காயக் காய நிறை இறங்கும். மணலில் உள்ள உப்பு மாரி காலத்தில் மறுபடி ஈரத்தை இழுக்கும். 2 கிலோ என்று எழுதிவைத்த பை ஒரு மாதத்தில் 2 கிலோவாக இராது. நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, நன்றாக வெயிலில் காயவிட்டு, இரட்டைப் பொலித்தீனில் அடைத்து, அதன்மேல் துணியைத் தையுங்கள். நிறையை மார்க்கரால் எழுதுங்கள், வாரம் ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள். றப்பர் பட்டிகளை இந்த ஆய்வுக்கு நான் விரும்பவில்லை. இழுக்கும் நீளத்தைப் பொறுத்து அவற்றின் தடை மாறும், நம் வெக்கையில் றப்பரும் தளர்ந்துபோகும்.

உச்ச பாரத்தைத் தூக்கவைத்துத்தான் அறிய வேண்டும் என்றில்லை. 6 கிலோவைச் சரியான முறையில் 10 தடவை தூக்கி அதற்குமேல் ஏலாமல் போனால், எப்லியின் சூத்திரப்படி 6 × (1 + 10/30) = 8 கிலோ அவருடைய உச்சம்; 70 சதவீதம் 5.6 கிலோ. சூத்திரம் பத்துத் தடவைக்கு மேலே போகப் போகத் தவறும். பிறகு ஒவ்வொரு சுற்று முடிவிலும் "இன்னும் எத்தனை தரம் ஏலும்?" என்று கேட்டு எழுதுங்கள். அடுத்தடுத்த இரண்டு அமர்வில் எல்லாச் சுற்றிலும் 12 செய்து இன்னும் இரண்டு மிச்சம் என்றால், கணுக்காலுக்கு அரைக் கிலோ, முதுகுப்பைக்கு ஒரு கிலோ கூட்டலாம். முழங்கால் நோ அடுத்த நாள் காலையும் கூடுதலாக இருந்தால், பாரத்தைக் குறைக்குமுன் கதிரையின் உயரத்தைக் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

இந்தத் துறையின் மிகப் பெரிய ஓட்டை, எழுதிக்கொடுத்த அளவையும் உண்மையில் செய்த அளவையும் ஒன்றாக்கிவிடுவது. 36 அமர்வில் 30க்கு வந்தால் வரவு 83 சதவீதம். கட்டுரையில் பார்க்க அழகாக இருக்கும். வந்தவர் மூன்று சுற்றில் இரண்டைத்தான் செய்தார், பாரமும் பத்து சதவீதம் குறைவு என்றால், அவர் எடுத்தது எழுதிக்கொடுத்ததில் சரி பாதி. மருந்தைப் பாதி விழுங்கியவரின் பலனைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று எழுதுகிறோம். ஆகவே பதிவேட்டில் ஒவ்வொரு பயிற்சிக்கும் இரண்டு நிரல் வேண்டும்: கொடுத்தது, செய்தது. ஏன் குறைந்தது என்று ஒரு சொல்லாவது எழுத ஓர் இடம். உடற்பயிற்சி ஆய்வுகளை எப்படி அறிக்கையிடுவது என்பதற்காக 2016இல் வந்த செர்ட் பட்டியலில் 16 அம்சங்கள் இருக்கின்றன. கட்டுரை எழுதும்போது தேடாமல், பதிவேடு அச்சடிக்கும் முன்பே அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதை அளப்பது? எச்பிஏ1சியை, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையை, பிரதான அளவாக வைக்க ஆசை வரும், வைத்தியர்களும் அதைத்தான் கேட்பார்கள். வைக்காதீர்கள். 2010இல் வெளியான ஹார்ட்-டி ஆய்வில் 262 பேர், ஒன்பது மாதம். நடையும் வலுப்பயிற்சியும் சேர்ந்த குழுவில் அது, கட்டுப்பாட்டுக் குழுவோடு ஒப்பிட, 0.34 புள்ளி இறங்கியது. வலுப்பயிற்சி மட்டும் செய்த குழுவில் தெளிவான இறக்கம் இல்லை. உங்கள் பன்னிரண்டு வாரத்தில், இடையே மருந்தும் மாறினால், ஒன்றும் தெரியவராது. உங்கள் அம்மாமாரின் கஷ்டம் கதிரையில் இருக்கிறது, அங்கேயே அளவுங்கள்.

ஐந்து தடவை எழும்ப எடுக்கும் நேரத்தை அளக்கும் முறை ஒன்று உண்டு. 2019ஆம் ஆண்டின் ஆசியத் தசைநலிவு வழிகாட்டி அதில் 12 செக்கனை எல்லையாக வைக்கிறது. ஆனால் ஐந்தை முடிக்க முடியாதவருக்கு அதில் இலக்கமே கிடைக்காது, அவர் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார். உங்களுக்கு வேண்டியவர் அவர்தான். 30 செக்கனில் எத்தனை தடவை எழும்புகிறார் என்ற முறையை எடுங்கள், அதில் பூச்சியமும் ஓர் இலக்கம். இருக்கை 43 சென்ரிமீற்றர். பிளாஸ்ரிக் கதிரை வேண்டாம்; கால் விரிந்து உயரம் குறையும். மரக் கதிரையைச் சுவரோடு அணைத்துப் போடுங்கள். கைகளை நெஞ்சில் குறுக்காக வைக்க வேண்டும். கையை ஊன்றி எழும்பினால் அந்தத் தடவை எண்ணிக்கையில் சேராது. சேலையும் அபாயாவும் முழங்காலில் இறுகி எழும்புவதைத் தடுக்கும், ஆகவே முதலும் கடைசியும் ஒரே மாதிரி உடையில் வரச் சொல்லுங்கள். கைப்பிடி வலு அளக்க ஜமார் என்ற கருவி கிடைத்தால் நல்லது: இருந்த நிலை, முழங்கை 90 பாகை, பிடி இரண்டாம் நிலையில், மூன்று தடவை. ஆசிய வழிகாட்டியில் பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே குறைவு, ஆண்களுக்கு 28.

உங்கள் முதல் ஆய்வு பயிற்சி ஆய்வாக இருக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முதலில் அளவையே அளவுங்கள். 30 அம்மாமார், ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை, அதே கதிரை, அதே நேரம், இரண்டு பேர் தனித்தனியே எண்ண வேண்டும். அதிலிருந்து அளவீட்டு வழு, அதாவது ஆளில் மாற்றமே இல்லாதபோதும் இலக்கம் எவ்வளவு ஆடும் என்பது, கிடைக்கும். அது 0.7 தடவை என்று வைத்துக்கொண்டால், அதை 1.96ஆலும் 2இன் வர்க்கமூலத்தாலும் பெருக்க 1.94 வரும். அதாவது ஒருவர் ஒரு தடவை கூட எழும்பினால் அதை முன்னேற்றம் என்று சொல்ல முடியாது, இரண்டு வேண்டும். இரண்டாம் முறை எல்லோரும் கொஞ்சம் நன்றாகச் செய்வார்கள். அது பழக்கத்தால் வருவது. கட்டுப்பாட்டுக் குழு ஏன் வேண்டும் என்பதற்கு அந்த ஒரு வாரமே சாட்சி. ஆரம்ப வாரங்களில் வலு கூடுவதும் பெரும்பாலும் நரம்பு பழகுவதால்தான். எட்டு வாரத்தில் தசை பருத்தது என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

பயிற்சி ஆய்வுக்கு வரும்போது, குழுக்களுக்கிடையே 2 தடவை வித்தியாசம், நியம விலகல் (ஆளுக்கு ஆள் உள்ள பரவலின் அளவு) 3 என்று எடுத்தால், குழுவுக்கு 36 பேர். ஐந்தில் ஒருவர் விலகுவார் என்று வைத்தால் 45, மொத்தம் 90. யார் எந்தக் குழு என்பதை ஆய்வில் சேராத ஒருவர் எழுமாற்றாகத் தீர்மானித்து, வெளிச்சத்தில் பிடித்தாலும் தெரியாத உறையில் ஒட்டித் தர வேண்டும். கதிரைச் சோதனை எண்ணுபவருக்குக் குழு தெரியக்கூடாது. ஒரே ஒழுங்கையிலிருந்து இரண்டு பேர் வந்தால், ஒருவருக்குக் காட்டியதைப் பின்னேரம் மற்றவரும் முற்றத்தில் செய்துகொண்டிருப்பார். வீட்டு விலாசம் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரை ஒரே அலகாக எடுங்கள்; அப்போது தேவைப்படும் எண்ணிக்கை கொஞ்சம் கூடும் என்பதைப் புள்ளிவிபரக்காரரிடம் முதலே சொல்லிவிடுங்கள்.

பன்னிரண்டு வாரத்தை எங்கே வைப்பது என்பதை ஊரைத் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். கிண்ணியா, மூதூர் அம்மாமாரை நோன்பு மாதத்தில் பயிற்சிக்குக் கூப்பிட முடியாது. நோன்பு ஒவ்வொரு வருடமும் பதினொரு நாள் அளவில் முன்னே நகரும். தம்பலகாமத்தில் பெரும்போக அறுவடைக் காலத்தில் வரவு விழும். கார்த்திகை, மார்கழி மழையிலும் அப்படித்தான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நடத்துவதானால் காலை ஏழு மணிக்குள் தொடங்குங்கள். முஸ்லிம் பெண்களுக்குப் பெண் பயிற்றுநரும் மறைப்புள்ள அறையும் இல்லாவிட்டால் முதல் வாரத்தோடு நின்றுவிடுவார்கள்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் அனுமதி, பிறகு இலங்கை மருத்துவச் சங்கம் நடத்தும் இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவகத்தில் பதிவு: மூன்றும் முதல் ஆளைச் சேர்க்கும் முன் முடிந்திருக்க வேண்டும். பிந்திப் பதிந்தால் நல்ல சஞ்சிகைகள் எடுக்காது. சம்மதப் படிவம் தமிழிலும் சிங்களத்திலும் வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்குச் சாட்சி முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும்.

வெளிநாடு பற்றிச் சுருக்கமாக. பேராதனையிலோ கொழும்பிலோ மேற்பார்வையாளர் ஒருவரோடு முதுதத்துவமாணிக்குப் பதிந்துகொண்டு, தரவை உங்கள் கிளினிக்கிலேயே சேர்க்க முயலுங்கள். கலாநிதிப் பட்டத்துக்குப் போவதானால், பேர்த்தில் எடித் கோவன் பல்கலைக்கழகத்தின் உடற்பயிற்சி மருத்துவ ஆய்வு நிறுவனம் புற்றுநோயாளருக்கான வலுப்பயிற்சியில் முன்னிற்கிறது. கோல்ட் கோஸ்டில் கிரிஃபித் பல்கலைக்கழகம் எலும்பு தேய்ந்த பெண்களுக்கான லிஃப்ட்மோர் ஆய்வைச் செய்த இடம். பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலில் உங்கள் ஆர்வத்தை ஒரு வரியில் முடித்து, அளவீட்டு ஆய்வின் அட்டவணையை இணையுங்கள். அதை அவர் திறந்து பார்ப்பார்.

மூத்தவரையும் ஆய்வுக் குழுவில் சேருங்கள். இரத்த அழுத்தப் பாதுகாப்பை அவர் பொறுப்பில் விடுங்கள். கவலைப்படுகிற ஆள்தான் அந்த வேலைக்குச் சரி. நெறிமுறை அனுமதி வந்து 30 பேரின் அளவுகளும் சேர்ந்ததும் எனக்கு எழுதுங்கள், வழுவைச் சேர்ந்தே கணக்கிடுவோம். அனுப்பும் தாளில் பெயர் வேண்டாம், இலக்கம் போதும்.