நெக்ஸான் மின்சாரக் காருக்கு 17 அங்குல வீலும் அகலமான டயரும் போடலாமா?

டயர் தேய்ந்துவிட்டது, மாற்றுவதுதான் மாற்றுகிறோம், 215/60 ஆர்16-ஐ விட்டுவிட்டு 225/55 ஆர்17 போட்டால் பிடிப்பு கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். (முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் வீலின் அங்குலம்.) சிக்னலில் கொஞ்சம் அழுத்தி மிதித்ததும் முன்சக்கரம் கீச்சிட்டிருக்கும். அங்கே பிறந்த ஆசையாகத்தான் இருக்க வேண்டும். போடலாம், ஓடும். என் வண்டிக்கு நான் போடவில்லை.

ஆம்பூரில் ஏற்றுமதிக்குக் காலணி செய்யும் தொழிற்சாலையில் சோல் பிரிவைப் பார்த்துக்கொள்பவன் நான். "ஷூ கம்பெனிக்காரனுக்கு டயரைப் பற்றி என்ன தெரியும்?" என்று கீழே ஒருவர் எழுதத்தான் போகிறார். எழுதட்டும். கெட்டியான சோல் நெடுநாள் உழைக்கும், ஈரத் தரையில் ஆளைச் சாய்த்துவிடும். மெத்தென்ற சோல் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் கரையும். வெளிர் நிற சோலுக்கு, ரப்பரைக் கறுப்பாக்கும் கார்பன் பிளாக் என்ற கரித்தூளுக்குப் பதிலாக நாங்கள் சேர்க்கும் சிலிக்கா என்ற வெள்ளைத் தூளைத்தான் 1990-களிலிருந்து கார் டயர்களிலும் பெருமளவில் சேர்க்கிறார்கள். உருளும்போது வீணாகும் ஆற்றல் குறைகிறது, ஈரத்திலும் பிடிப்பு நிற்கிறது. ஆகவே முதலில் டயரின் ரப்பர் கலவையைப் பாருங்கள், அகலத்தை அப்புறம் பார்க்கலாம்.

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு டயர் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் கேட்காமலே பளபளவென்று 17 அங்குல அலாய் வீலை உருட்டிக்கொண்டு வந்தார். அதில் 215/55 ஆர்17. "மொத்த உயரம் 4 மில்லிமீட்டர்தான் சார் கூடும், வண்டியின் தோற்றமே மாறிவிடும்" என்றார். உயரக் கணக்கு சரிதான். உட்கார்ந்து பக்கவாட்டு எழுத்தைப் படித்தேன்: 94வி. எண் பாரம் தாங்கும் அளவுக்கு, 'வி' வேக வரம்புக்கு. என் வண்டியோடு வந்த டயரில் 95. "ஒரு எண்தானே சார்" என்று சிரித்தார். 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும், 94 என்றால் 670. நான்கு சக்கரத்துக்கு 80 கிலோ. பின்சீட்டில் என் மைத்துனரை ஏற்றினால் அந்த இடைவெளி நிரம்பிவிடும். பேட்டரியைச் சுமக்கும் வண்டியில் இந்த எண்ணைக் குறைக்கவே கூடாது. அதே 16 அங்குலத்தில், 95 குறையாமல், ஈரப் பிடிப்புக்குப் பெயர்பெற்ற கலவையாகக் கேட்டு வாங்கினேன். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் மழையோடு இறங்கிப் பார்த்துவிட்டேன். முன்பு வழுக்கிய இடத்தில் வண்டி சொன்னபடி திரும்பியது.

உங்கள் 225/55 ஆர்17-இல் பாரம் தாங்கும் எண் பெரும்பாலும் போதுமானதாக இருக்கும். ஆனால் சக்கர உயரம் இரண்டு சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. வண்டி நிஜமாக 100 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 98-க்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். "டயர் மாற்றியதும் ரேஞ்ச் போய்விட்டது", அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறைந்துவிட்டது என்று புலம்புகிறவர்களின் கணக்கில் ஒரு பங்கு இந்த மீட்டர் மாயம். இன்னொரு பங்கு, தேய்ந்த டயரைவிடப் புது டயர் உருள அதிக ஆற்றல் கேட்பது. பெரிய வீலின் எடை, அகலத்தால் கூடும் காற்றுத் தடை எல்லாம் அதற்கு மேல்தான்.

ரேஞ்சுக்காக இப்படிக் கஞ்சத்தனமா என்று கேட்பீர்கள். எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு வந்து பாருங்கள். என் சொந்த மீட்டரிலிருந்து, என் செலவில், கீழே ஒரு சார்ஜர் வைக்க மனு கொடுத்தேன். "தீ விபத்து வரும்" என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். அவருடைய வீட்டு வாசலில் மாடிப்படியை மறித்து மூன்று சமையல் எரிவாயு சிலிண்டர்கள் நிற்கின்றன! மனு இன்னும் "பரிசீலனையில்" இருக்கிறது. வேலை முடிந்து வருகிற வழியில் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் கட்டணத்தையும் கட்டிவிட்டு, நெடுஞ்சாலைச் சார்ஜரில் எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று பார்த்துக்கொண்டு நிற்பவனுக்குத்தான் ஒவ்வொரு கிலோமீட்டரின் அருமை தெரியும்.

அகல டயரே வீண் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவர் தாராளமாகப் போடட்டும். நெக்ஸானில் இழுப்பதும் முன்சக்கரம், பேட்டரிக்கு மின்சாரம் திருப்பிக் கொடுத்து வேகத்தைக் குறைப்பதும் முன்சக்கரம். அதனால் முன்டயர்தான் முதலில் தேயும். முன்னையும் பின்னையும் மாற்றி மாட்டச் சொல்லுங்கள்.

மாட்டுவதற்கு முன் டயரின் பக்கவாட்டில் உள்ள தயாரிப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 1225 என்றால் 2025-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரம். நம் ஊர் வெயிலில் வாசலில் அடுக்கிவைத்திருக்கும் டயரை எடுத்துவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உள்ளே கிடங்கிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள்.