நண்பர்களுடன் ஷாங்ஹாய்: யார் கார்டில் டிக்கெட் எடுப்பது?

கேள்வி: எனக்கு 27 வயது. சிங்கப்பூரில் வேலை. மசேநி (மத்திய சேமநிதி) பிடித்தம் போகக் கையில் வருவது 3,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அம்மாவுக்குக் கொடுப்பது உட்பட எல்லாச் செலவும் போக மாதம் 600 வெள்ளி மிஞ்சும். சேமிப்பு 3,900 வெள்ளி. கிரெடிட் கார்டில் 1,800 வெள்ளி பாக்கி. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவருகிறேன். 2026 மே 1 வெள்ளிக்கிழமை வருவதால், நாங்கள் நான்கு நண்பர்கள் அந்த நீண்ட வார இறுதியில் ஷாங்ஹாய் போகத் திட்டமிட்டிருக்கிறோம். என் கார்டில் மைல்ஸ் (விமான டிக்கெட்டுக்கு மாற்றிக்கொள்ளும் புள்ளிகள்) சேரும் என்பதால் நால்வருக்கும் டிக்கெட்டையும் ஹோட்டலையும் நானே போடுகிறேன், அவர்கள் பிறகு தருவார்கள் என்று பேச்சு. ஆளுக்கு 1,500 வெள்ளி ஆகும்போலத் தெரிகிறது. போகலாமா? அங்கே பணம் எப்படிக் கொண்டுபோவது?

பதில்: போகலாம். ஆனால் மே மாதம் வேண்டாம். உங்கள் கார்டில் போடவே வேண்டாம்.

முதலில் கார்டு. பாக்கியை முழுதாகக் கட்டுகிறவருக்குத்தான் வட்டியில்லாத நாட்கள் உண்டு. பாக்கி வைத்திருப்பவர் புதிதாக எது வாங்கினாலும் அன்றிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். இங்குள்ள கார்டுகளில் வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 27 சதவிகிதம். உங்கள் 1,800 வெள்ளிக்கே மாதம் 40 வெள்ளி போய்க்கொண்டிருக்கிறது. அதன் மேல் நான்கு பேர் டிக்கெட்டும் அறை வாடகையுமாக ஒரு 4,000 வெள்ளியை ஏற்றினால் நாளொன்றுக்கு 3 வெள்ளி வட்டி. ஒரு நண்பர் இரண்டு வாரம் தாமதமாகப் பணம் தந்தால், அவருடைய டிக்கெட்டுக்கும் அந்த இரண்டு வார வட்டியைக் கட்டுவது நீங்கள்தான். அதை அவரிடம் வாய்விட்டுக் கேட்கவும் மாட்டீர்கள். சேரும் மைல்ஸ் இந்த வட்டிக்கு ஈடாகாது.

அதனால் இன்றே சேமிப்பிலிருந்து 1,800 வெள்ளியை எடுத்துக் கார்டை அடைத்துவிடுங்கள். கையிருப்பு 2,100 ஆகக் குறையும். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனாலும் சேமிப்புக் கணக்கில் கிடைக்கும் சொற்ப வட்டிக்காக 27 சதவிகிதக் கடனைச் சுமப்பது உங்களைத் தேய்த்துவிடும். மார்ச்சிலிருந்து ஜூலை வரை ஐந்து மாதம் 600 வெள்ளி வீதம் ஒதுக்கினால் 3,000 சேரும். அதில் 1,200ஐப் பயணத்துக்கு வைத்துக்கொண்டால், ஆகஸ்டில் போய்வந்த பிறகும் சேமிப்பு அதே 3,900இல் நிற்கும். கடனும் இருக்காது.

ஏன் ஆகஸ்ட்? மே 1 விடுமுறை நமக்கு மட்டும் அல்ல. சீனாவில் 2026இல் மே 1 முதல் 5 வரை விடுமுறை. அந்த ஐந்து நாளில் நாடே பயணம் கிளம்பும், ஹோட்டல் கட்டணமும் ஏறிவிடும். பக்கத்து நகரமான சுஜோவுக்கு அதிவேக ரயிலில் அரை மணி நேரம்தான், ஒரு எட்டுப் போய்வரலாம் என்று நினைப்பீர்கள். டிக்கெட் விற்பனை 15 நாட்களுக்கு முன்புதான் தொடங்கும், நல்ல நேரத்து ரயில்கள் சட்டென்று தீர்ந்துவிடும். பண்ட் ஆற்றங்கரையில் விடுமுறை மாலையில் சாலையைக் கடப்பதே பெரும்பாடு. காவல் படையினர் வரிசையாக மனிதச் சுவர்போல நின்று கூட்டத்தை நிறுத்தி நிறுத்தி விடுவார்கள். பக்கத்திலிருக்கும் நான்ஜிங் ஈஸ்ட் ரோடு மெட்ரோ நிலையத்தில் ரயில் நிற்காமல் போவதும் உண்டு. இருப்பதிலேயே அதிக விலை கொடுத்து இருப்பதிலேயே மோசமான நாட்களை ஏன் வாங்க வேண்டும்?

ஆகஸ்ட் 9 தேசிய தினம் ஞாயிற்றுக்கிழமை. திங்கள் இங்கே விடுமுறை, அங்கே சாதாரண வேலைநாள். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஆகஸ்டில் ஷாங்ஹாயில் வெயில் கொளுத்தும், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, புயலும் வரக்கூடிய மாதம். விமானத் தாமதத்துக்கும் ரத்துக்கும் ஈடு தரும் பயணக் காப்புறுதியை விட்டுவிடாதீர்கள். ஒரு நாள் லீவு எடுக்க முடிந்தால், நீண்ட வார இறுதியே அல்லாத சாதாரண வாரம் இன்னும் மலிவாக அமையும்.

1,200 வெள்ளியில் டிக்கெட்டுக்கும் பகிர்ந்துகொள்ளும் அறைக்கும் 800, காப்புறுதி போன்றவற்றுக்கு 100 வையுங்கள். மீதி 300 வெள்ளி, அதாவது ஏறத்தாழ 1,600 யுவான், ஊருக்குள் செலவழிக்க. டிஸ்னிலேண்டு நுழைவுச்சீட்டு நாளைப் பொறுத்து 475 யுவானிலிருந்து 799 வரை போகும். வார இறுதியில் போனால் அந்த 1,600இல் பாதி அங்கேயே காலியாகலாம். நண்பர்கள் போக, நீங்கள் அன்று மியூசியம் பார்த்துவிட்டு வந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. இரவு ஆற்றில் உல்லாசப் படகுக்கு நூறு யுவானுக்கு மேல் கேட்பார்கள். உள்ளூர்க்காரர்கள் வேலைக்குப் போய்வரும் படகில் 2 யுவானுக்கு ஹுவாங்பு ஆற்றைக் கடக்கலாம். இரு கரை விளக்குகளும் அதிலிருந்தும் தெரியும்.

பணம் கட்டும் விஷயத்துக்கு வருவோம். அங்கே தெருவோரக் கடைவரை எல்லாம் ஃபோனில் ஸ்கேன்தான். அலிபே, வீசாட் பே என்ற சீனக் கட்டணச் செயலிகளில் நம் ஊர் விசா, மாஸ்டர்கார்டுகளை இணைக்கலாம். கடவுச்சீட்டுச் சரிபார்ப்பையும் கார்டு இணைப்பையும் இங்கேயே முடித்துவிடுங்கள். அங்கே போய் வங்கியின் ஓடிபிக்காகக் காத்துக்கொண்டு நிற்க வேண்டாம். கிரெடிட் கார்டை இணைக்காமல், அந்நியச் செலாவணிக் கட்டணம் இல்லாத பல நாணய டெபிட் கார்டில் பயணப் பணத்தை மட்டும் போட்டு இணையுங்கள். வங்கிக் கார்டில் போகும் 3 சதவிகிதத்துக்கு மேற்பட்ட கட்டணம் மிச்சம். எங்காவது "சிங்கப்பூர் வெள்ளியிலா, யுவானிலா?" என்று திரையில் கேட்டால் யுவான்தான்.

வெளிநாட்டுக் கார்டு என்றால், 200 யுவானுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் இந்தச் செயலிகள் 3 சதவிகிதம் பிடிக்கும். அதற்குள் இருந்தால் கட்டணம் இல்லை. நால்வர் சாப்பிட்ட 480 யுவான் பில்லை ஒருவரே கட்டினால் 14.40 யுவான் கூடுதல். கடைக்காரர் சம்மதித்தால் ஆளுக்கு 120 என்று தனித்தனியே ஸ்கேன் செய்யுங்கள். கட்டணமும் இல்லை, ராத்திரி உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் வேலையும் இல்லை. ஃபோனில் சார்ஜ் தீர்ந்தால் உதவும், ஒரு 500 யுவானைச் சில்லறை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டை அவரவர் கார்டில் அவரவர் எடுக்கட்டும். அறையை, பாக்கி வைக்காமல் கார்டு கட்டுகிற ஒருவர் போடட்டும். மற்ற மூவரும் அன்றைக்கே பேநவ்வில் (ஃபோன் எண்ணுக்கு உடனே பணம் அனுப்பும் வசதி) அனுப்பிவிட வேண்டும். இதை நண்பர்களிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். "என் பட்ஜெட் 1,200 வெள்ளி, ஆகஸ்ட் என்றால் நான் கட்டாயம் வருகிறேன்" என்று குழுவில் எழுதுங்கள், போதும். மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் இன்னொருவரும் அந்தக் குழுவில் இருக்கக்கூடும்.

அப்புறம், நால்வரில் யாராவது இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நிரந்தரவாசியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூரர்கள் 30 நாள்வரை விசா இல்லாமல் போகலாம், அவருக்கு விசா வேண்டும். அது கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத டிக்கெட்டை யாரும் எடுக்காதீர்கள்.