ஃபைட்டர் குஞ்சுகளுக்கு எந்தப் புழு?

கேள்வி: மொட்டை மாடியில் நான்கு தொட்டிகளில் ஃபைட்டர் மீன் வளர்க்கிறேன். முட்டை நன்றாகப் பொரிக்கிறது. ஆனால் ஒரு வாரத்துக்குள் பாதிக் குஞ்சுகள் செத்துவிடுகின்றன. அவித்த மஞ்சள் கருவும், கடையில் விற்கும் சிவப்புப் புழுவை நசுக்கியும் போடுகிறேன். வெள்ளைப் புழுவை வீட்டிலேயே வளர்க்கலாம் என்கிறார்கள். எப்படி?
– வாசகர், மதுரை

பதில்: முதலில் மஞ்சள் கருவை நிறுத்துங்கள். குஞ்சு தின்னாத மிச்சம் அடியில் படிந்து ஒரே இரவில் தண்ணீரைக் கெடுத்துவிடும். கடைச் சிவப்புப் புழு, அதாவது டியூபிஃபெக்ஸ், சாக்கடைச் சேற்றில் வாழ்வது. அந்த அழுக்கும் கிருமியும் கூடவே வரும். பிஞ்சு மீனுக்கு அது வேண்டவே வேண்டாம்.

வெள்ளைப் புழுவும் உங்கள் ஊருக்கு ஒத்துவராது. அது குளிர் விரும்பி. 15 முதல் 20 டிகிரியில்தான் நன்றாகப் பெருகும். கொடைக்கானலில் இருந்தால் வளர்க்கலாம், மதுரை வெயிலில் மடிந்துவிடும். உங்களுக்குத் தேவை மைக்ரோ வார்ம் என்னும் நுண்புழு. நன்கு வளர்ந்ததே சுமார் 2 மில்லிமீட்டர் நீளம்தான், நூலிழையைவிட மெல்லியது. முட்டையிடாமல் குட்டி போடும் என்பதால் ஒரே டப்பாவில் பெரிதும் சிறிதும் கலந்தே இருக்கும். நீந்தத் தொடங்கிய குஞ்சின் வாய்க்கும் ஏற்றது கிடைத்துவிடும்.

மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் ஓட்ஸையோ கோதுமை மாவையோ கெட்டியான கூழாகக் காய்ச்சி, நன்கு ஆறியதும் ஒரு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். மேலே ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவி, மீன் வளர்ப்பவர் யாரிடமாவது ஒரு ஸ்பூன் தாய்ப்புழு (ஏற்கெனவே புழு வளரும் மாவு) வாங்கிப் போடுங்கள். மூடியில் துளையிட்டு, உள்ளே துணி ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஈ முட்டையிட்டுவிடும். எறும்பு ஏறாதிருக்க டப்பாவைத் தண்ணீர் ஊற்றிய தட்டில், நிழலான இடத்தில் வையுங்கள்.

நான்கைந்து நாளில் டப்பாவை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மாவின் மேல்பரப்பு மினுமினுவென்று நெளியும். புழுக்கள் சுவரில் வெள்ளை வலை பின்னினாற்போல் ஏறி நிற்கும். அதைச் சுத்தமான விரலால் வழித்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி, இங்க் ஃபில்லரால் குஞ்சுகள் கூடியிருக்கும் இடத்தில் விடுங்கள். மாவை அள்ளிப் போடாதீர்கள். ஒருநாளைக்கு இரண்டு மூன்று வேளை, கொஞ்சம் கொஞ்சமாகப் போதும். புழு தண்ணீரில் சில மணி நேரம் உயிரோடு நெளிந்துகொண்டிருக்கும். அதனால்தான் குஞ்சுகள் தேடிப் பிடிக்கின்றன. அதிகம் போட்டால் இதுவும் செத்து அழுகும்.

புளித்த இட்லி மாவு வாடை இருந்தால் பயப்படாதீர்கள், அது இயல்பு. அழுகல் நாற்றம் வந்தாலோ மாவு நீர்த்துவிட்டாலோ டப்பா முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு டப்பா மூன்று நான்கு வாரம்தான் தாங்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புது டப்பாவுக்கு ஒரு ஸ்பூன் மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரே டப்பாவை நம்பி இருந்தவர்கள் குஞ்சு கையில் இருக்கும்போது தீனியில்லாமல் தவித்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

குஞ்சுகள் மூன்று வாரம் தாண்டியதும், வெள்ளைப் புழுவின் சிறிய உறவான கிரிண்டல் புழுவுக்கு மாறலாம். பலமுறை அலசிப் பிழிந்த தென்னை நார்க் கழிவில், பொடித்த மீன் தீனி தூவினால் வளரும். கொழுப்பு அதிகம் என்பதால் வாரம் இரண்டு மூன்று முறை மட்டும் கொடுங்கள்.

இன்னொன்று. முட்டை பொரிக்க ஏறக்குறைய இரண்டு நாள், குஞ்சு கிடைமட்டமாக நீந்த மேலும் இரண்டு மூன்று நாள். அதுவரை வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கருப் பையே உணவு, எதுவும் போட வேண்டாம். ஆனால் நீந்திய அன்றே புழு தயாராக இருக்க வேண்டும். ஆகவே ஜோடி சேர்ப்பதற்கு ஒரு வாரம் முன்பே மாவைக் காய்ச்சிவிடுங்கள்.