கைப்பேசியில் எக்ஸ்காவேட்டரை நிறுத்தும் பொத்தான் தேவையா?

மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். 20 டன் எக்ஸ்காவேட்டர் இரண்டு, டிராக்டர் மூன்று வைத்துக்கொண்டு தோட்டங்களில் கால்வாய் வெட்டுவது, மறுநடவுக்கு நிலம் திருத்துவது, செம்பனைக் குலை ஏற்றுவது என்று குத்தகை வேலை செய்கிறார். எக்ஸ்காவேட்டரில் ஒன்று ஜப்பானில் ஓடி இங்கே வந்தது. அவர் கேட்பது இது: "டீசல் எங்கே போகிறதென்றே தெரியவில்லை. தோட்ட ஆபீசில் எழுதும் மணிக்கணக்கும் என் ஆப்பரேட்டர் எழுதுவதும் ஒத்துப்போவதே இல்லை, பணமும் இழுத்துக்கொண்டே போகிறது. ஒருவர் வந்து ஜிபிஎஸ் டிராக்கர் போட்டுத் தருகிறேன், பணம் வராத இடத்தில் கைப்பேசியிலிருந்தே இன்ஜினை நிறுத்திவிடலாம் என்கிறார். போடலாமா அண்ணே? தோட்டத்துக்குள் லைனே கிடைக்காதே, அது வேலை செய்யுமா?"

போடுங்கள் தம்பி. ஆனால் அவர் எதைக் காட்டி விற்கிறாரோ, அந்த நிறுத்தும் பொத்தானை மட்டும் அவர் சொல்கிற மாதிரி போடாதீர்கள். நான் கனரக வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்ப்பவன், அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கால்வாய்க்குள் மூக்கைக் குத்தி நின்ற டிராக்டரைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். பின்னால் டிரெய்லர் நிறையக் குலை. சீட்டைத் தூக்கிப் பார்த்தால் கறுப்பு டேப் சுற்றிய ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்று, இன்ஜினுக்கு டீசலைத் திறந்துவிடும் சோலினாய்டுக்குப் போகும் ஒயரை நடுவில் வெட்டி அதில் கோத்திருக்கிறார்கள். வண்டி வழி மாறிப் போகிறதென்று நினைத்த முதலாளி எங்கோ சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தபடி பொத்தானை அமுக்கியிருக்கிறார். அந்த நேரத்தில் வண்டி சின்னப் பாலத்தில் திரும்பிக்கொண்டிருந்தது. இன்ஜின் நின்றால் ஸ்டீயரிங் பம்பும் நின்றுவிடும், பாரம் இழுக்கும் டிராக்டரின் ஸ்டீயரிங்கை அப்போது கைப்பலத்தால் வேகமாகத் திருப்பவே முடியாது. ஆப்பரேட்டர் குதித்துவிட்டார், கணுக்கால் முறிந்ததோடு போனது. அமுக்கியவருக்கு அந்தப் பாலம் கண்ணில் தெரியாதே, அதுதான் இதிலுள்ள ஆபத்து.

சரி, அப்படியானால் எப்படிப் போடுவது? ஓடும் இன்ஜினைத் தொடவே கூடாது. ஸ்டார்ட்டர் ரிலேக்குப் போகும் சின்ன சிக்னல் ஒயரில்தான் தடை இருக்க வேண்டும். நீங்கள் கட்டளை அனுப்பினால் ஓடுகிற வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், ஆப்பரேட்டர் அணைத்த பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆகாது. திருட்டுக்கு அது போதும். ரிலேயும் சாதாரண நிலையில் மூடியே, அதாவது தொடர்பு சேர்ந்தே இருக்கும் பக்கத்தில் இணைக்கப்பட வேண்டும், அப்போதுதான் டிராக்கர் செத்துப்போனாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். எக்ஸ்காவேட்டர் 24 வோல்ட், டிராக்டர் பெரும்பாலும் 12 வோல்ட், இரண்டுக்கும் ஒரே ரிலேயைக் கொண்டுவருகிறவரை அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று, அந்தப் பொத்தான் உங்கள் கையில் மட்டும்தான் இருக்கிறதா என்று பாருங்கள். 2022 ஜூலையில் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா, மைகோடஸ் எம்வி720 என்ற டிராக்கரைப் பற்றி எச்சரிக்கை விட்டது. அதில் மாற்ற முடியாத ஒரு பொதுக் கடவுச்சொல் உள்ளேயே எழுதப்பட்டிருந்தது, அது தெரிந்தவன் எங்கிருந்து வேண்டுமானாலும் வண்டியின் எரிபொருளைத் துண்டிக்கலாம். மலிவு விலை டிராக்கர்கள் பல 123456 என்ற கடவுச்சொல்லோடுதான் பெட்டியிலிருந்து வெளியே வருகின்றன. பொருத்திய அன்றே மாற்றுங்கள். சிம் கார்டும் கணக்கும் உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும், விற்றவர் கடையை மூடினாலும் உங்கள் பதிவுகள் உங்களிடமே இருக்கும்.

பணம் வராததற்கு இயந்திரத்தை நிறுத்துவது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அடுத்தவர் தோட்டத்தில், பாதி வெட்டிய கால்வாய்க் கரையில் உங்கள் வண்டி முடங்கி நின்றால், மழை பெய்து நீர் ஏறும்போது பழி உங்கள் தலையில்தான் விழும். ஒப்பந்தத்தில் எழுதாமல் அதைச் செய்யவே செய்யாதீர்கள், எழுதுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பணத்தை வரவைக்கும் உண்மையான ஆயுதம் மணிக்கணக்குத்தான்.

அதற்கு வருகிறேன். உங்கள் ஆப்பரேட்டரும் தோட்டத்துக் கிராணியும் வேறு வேறு மணி எழுதுவது பொய் சொல்வதால்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவர் சாவி போட்டதிலிருந்து எண்ணுவார், மற்றவர் பக்கெட் மண்ணைத் தொட்டதிலிருந்து எண்ணுவார். டிராக்கரையும் சாவி ஒயரில் மட்டும் கோத்துவிட்டால் அதே குழப்பம் கம்ப்யூட்டருக்குள் போய்விடும், சாவியைத் திறந்துவிட்டு ரேடியோ கேட்பதும் வேலை நேரமாக எழுதப்படும். 24 வோல்ட் வண்டியில் இன்ஜின் அணைந்திருக்கும்போது பேட்டரி 25 வோல்ட் பக்கம் இருக்கும், ஓடும்போது ஆல்டர்னேட்டர் ஏறி 28 பக்கம் போகும். அந்த வித்தியாசத்தை வைத்து இன்ஜின் மணியைக் கணக்கிடச் சொல்லுங்கள். முடிந்தால் வண்டியின் கையை இயக்கும் ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் ஒரு சுவிட்சும் சேருங்கள், உண்மையில் வெட்டிய நேரமும் சும்மா உறுமிய நேரமும் தனித்தனியாக வரும். கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடும் புதிய காமன்ரெயில் இன்ஜின் என்றால் இவ்வளவு பாடு வேண்டாம், அந்தக் கம்ப்யூட்டர் தகவல் அனுப்பும் கேன் (CAN) ஒயரில் ஜே1939 என்ற மொழியில் இன்ஜின் மணி, சுழற்சி, டீசல் செலவு, நீர்ச் சூடு எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும், படிக்கத் தெரிந்த டிராக்கர் வாங்கினால் போதும். பழைய மெக்கானிக்கல் பம்பு இன்ஜினில் அது கிடையாது. அப்புறம், வேலை தொடங்குவதற்கு முன்பே எந்த மணிக்குப் பணம் என்று ஆபீசோடு பேசி எழுதிக்கொள்ளுங்கள். வாரக் கடைசியில் அறிக்கையை அச்செடுத்துப் பில்லோடு வையுங்கள்.

லைன் இல்லாதது பெரிய கவலை இல்லை. ஜிபிஎஸ் வானத்திலிருந்து வருவது, அதற்கு சிம் வேண்டாம். நல்ல டிராக்கர் லைன் இல்லாத இடத்தில் பதிவுகளைத் தனக்குள் சேர்த்துவைத்து, வண்டி சாலைப்பக்கம் வந்ததும் மொத்தமாக அனுப்பிவிடும், அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நிறுத்தும் கட்டளை மட்டும் லைன் இல்லாமல் போய்ச் சேராது, அந்தப் பொத்தானுக்காகக் காசைக் கொட்ட வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். வளர்ந்த செம்பனை ஓலைக்குக் கீழே இடம் சில மீட்டர் தள்ளிக் காட்டும், அதை வைத்து யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள். நம் நாட்டில் 3ஜியை 2021 கடைசியோடு முடித்துவிட்டார்கள், பழைய 3ஜி சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், 4ஜி என்று எழுத்தில் வாங்குங்கள்.

டீசல்தான் பெரிய விஷயம். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து ஒரே நாளில் 3 வெள்ளி 35 காசு ஆனது நினைவிருக்கும். அதன் பிறகு ஏறி இறங்கினாலும், ஒரு லிட்டரை 3 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 டன் வண்டி சும்மா உறுமி நிற்கும்போதே மணிக்கு ஏறக்குறைய 3 லிட்டர் குடிக்கும். நாளைக்கு 2 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 150 லிட்டர், 450 வெள்ளி. யாரும் திருடாமலே போகிற காசு இது. நான் பார்த்த வரையில் "டீசல் திருட்டு" என்று கூப்பிட்ட இடங்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான்.

டேங்குக்குள் இறக்கும் கம்பி மாதிரியான சென்சார் போடுங்கள், வண்டியோடு வரும் மிதவையை நம்பி லிட்டர் கணக்குப் பார்க்க முடியாது. ஆனால் டீசல் அளவு ஏறி இறங்குவதைக் காட்டும் கோட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு குத்தகையாளர் தன் ஆப்பரேட்டரை வேலையைவிட்டு அனுப்பத் தயாராகி என்னைக் கூப்பிட்டார். தினமும் சாயங்காலம் 6 மணிக்கு 15 லிட்டர் இறங்குகிறது, இன்ஜின் அணைந்திருக்கிறது, இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்றார். நான் அந்தக் கோட்டை மறுநாள் காலை வரைக்கும் நகர்த்திப் பார்த்தேன். 7 மணிக்கு வண்டி கிளம்பியதும் அதே 15 லிட்டர் திரும்ப ஏறியிருந்தது. வண்டியைத் தினமும் சரிவில் நிறுத்துகிறார், டீசல் டேங்கின் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது, கம்பி இருக்கும் பக்கம் குறைகிறது, அவ்வளவுதான். அந்த மனிதர் அந்த முதலாளியிடம் பல வருடமாக வேலை பார்த்தவர். திருட்டு என்றால் கோடு சில நிமிடத்தில் செங்குத்தாக விழும், காலையில் திரும்ப ஏறாது. பல மணி நேரம் மெதுவாகச் சரிந்தால் ஒழுகலைத் தேடுங்கள்.

ஜப்பானிலிருந்து வந்த வண்டியை ஒருமுறை பார்க்க வேண்டும். கொமாட்சு நிறுவனத்து வண்டி என்றால் உள்ளே கொம்ட்ராக்ஸ் பெட்டி, அதாவது அந்த நிறுவனமே வைக்கும் டிராக்கர், இருக்கலாம். அங்கே எக்ஸ்காவேட்டரைத் திருடிக்கொண்டுபோய் ஏடிஎம் இயந்திரத்தை உடைக்கும் கூட்டம் பெருகிய காலத்தில் பேர் வாங்கிய அமைப்பு அது, 2001 முதல் கொமாட்சு தன் வண்டிகளில் இதைப் பொருத்தியே கொடுக்க ஆரம்பித்தது. வண்டியின் சீரியல் எண்ணை எடுத்துக்கொண்டு இங்குள்ள டீலரிடம் போங்கள், பழைய முதலாளியின் கணக்கிலிருந்து எடுத்து உங்கள் பெயருக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் அந்த வண்டிக்கு வெளி டிராக்கரே தேவைப்படாமல் போகலாம். மாற்றாமல் விட்டால் உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்று வேறொருவர் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும்.

ஆப்பரேட்டர்களுக்குத் தெரியாமல் எதையும் பொருத்தாதீர்கள். நம் நாட்டின் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், யாருடைய தகவலை எதற்காக எடுக்கிறோம் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுத்தில் தெரிவிக்கச் சொல்கிறது. அதோடு நிறுத்தாமல் தமிழிலும் நேரில் உட்கார்ந்து சொல்லுங்கள், வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர் இருந்தால் அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள்.

சென்சார் போட்டதும் டேங்கை அளந்து பதிய வேண்டும். 400 லிட்டர் டேங்கைக் காலியாக்கி, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, 20 லிட்டர் கேனால் ஊற்றி ஒவ்வொரு கேனுக்கும் சென்சார் காட்டும் எண்ணை எழுத வேண்டும், 20 கேன், அரை நாள் வேலை. விற்கிறவர் இதைத் தவிர்த்துவிட்டு வேறொரு வண்டியின் அட்டவணையை ஏற்றிவிடப் பார்ப்பார், விடாதீர்கள். அன்றைக்கு உங்கள் ஆப்பரேட்டர் கையில் பேனாவைக் கொடுத்து அவரையே எண்ணை எழுத வையுங்கள், கடைசியில் இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.